இழப்பு: பதினைந்து சென்டிமீட்டர்

வொர்லி. தகரக் கொட்டகை. விடாத ஆகஸ்ட்.
ஒன்பதாம் பெட்டியின் மூடியைக் கழற்றுகிறேன்.
பூரிக்கட்டை பருமனில் நறுக்கி அடுக்கியிருக்கிறது
இந்த ஊரின் அடிவயிறு.

முதலில் கறுப்பு. எரிகுழம்பாக ஓடி இறுகியது.
குமிழி வெடித்த பள்ளங்களில் வெள்ளைப் படிகம்,
பல்லிடுக்கில் சிக்கிய சோறு போல.
அதற்கடியில் சாம்பல் பச்சைக் களிப்பாறை.
நகம் பட்டால் பொடிகிறது,
நாக்கில் வைத்தால் ஒட்டுகிறது.
(ஆமாம், நக்கித்தான் பார்ப்போம். படித்த படிப்பு அப்படி.)
ஒரு துண்டில் நூல் கனத்தில் ஒரு எலும்பு.
தவளை என்று எனக்குத் தோன்றுகிறது;
தோன்றுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

எதற்குக் கட்டம் இருக்கிறதோ அது வரவில்லை.
கறுப்பு இருபத்தொன்று நாற்பதில் நிற்கிறது.
பச்சை இருபத்தொன்று ஐம்பத்தைந்தில் எழுகிறது.
நடுவே ஒரு மரத்துண்டு,
அதில் தத்தாராம் எழுதிய பென்சில் எழுத்து:
இழப்பு, பதினைந்து.
எல்லை அதற்குள்தான் இருந்தது.
துளைத்த தண்ணீரோடு கரைந்து
கொட்டகை வாசலில் ஓடி
கடலுக்குப் போய்விட்டது.

கல்லூரியில் சொல்லித் தந்தார்கள்:
பூமியின் காலங்களுக்குத் தொடக்கம் மட்டும்தான் உண்டு.
முடிவை யாரும் வரையறுப்பதில்லை;
அடுத்தது தொடங்கினால் இது முடிந்ததாக அர்த்தம்.
தொடக்கத்துக்கு ஒரு பாறைமுகம், அதில் ஒரு புள்ளி.
தங்க ஆணி என்று பெயர்,
அடிப்பது என்னவோ பல இடங்களில் பித்தளை என்று கேள்வி.
துனிசியாவில் விரல் கனத்தில் ஒரு களிமண் கீற்று,
அதன் அடியிலிருந்து ஒரு யுகம்.
கூடி உட்கார்ந்து ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்.

எனக்கு ஓட்டுப் போட ஆளில்லை.
போனில் பிங்கே சார் இருக்கிறார்.
"மேடம், ஐம்பத்தைந்து வரைக்கும் கடும்பாறைன்னு போடுங்க.
சும்மா ஒரு சாண்."
கடும்பாறைக்கு ஒரு ரேட், களிப்பாறைக்கு ஒரு ரேட்.
அந்தச் சாணை
மூன்று கிலோமீட்டர் சுரங்கத்தோடு பெருக்கிவிட்டுத்தான்
அவர் "சும்மா" என்கிறார்.

தத்தாராமிடம் கேட்டேன்.
டீ கிளாஸைத் துளைகுழாயின் மேலேயே வைத்துவிட்டு
யோசித்தான்.
குழாயில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு
போட்டு வைப்பது அவன் வழக்கம்.
"அஞ்சாவது கோடு இறங்கி முடியலை மேடம்.
லால் பானி வந்தது. கை கழுவப் போனவன்
கழுவாம நின்னுட்டேன்."
எவ்வளவு நேரம்?
"ஒரு பீடி பத்த வைக்கிற நேரம். அப்புறம் சேறு."
தண்ணீர் அடியிலிருந்து ஏறி வர எடுக்கும் நேரம்?
"அதைக் கழிச்சுத்தான் சொல்றேன்."
கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னான்.

சிவப்பு என்றால் சுட்ட மண்.
குளத்தங்கரைச் சேற்றின் மேல் குழம்பு வந்து படுத்தபோது
வெந்த மேல்தோல்.
அந்தத் தவளைக்கு, அது தவளையென்றால்,
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.
ஆறு கோடி ஆண்டுக்கும் மேல் அங்கேயே இருந்த சிவப்பு
ஒரு பீடி நேரத்தில் வெளியே வந்ததற்கு
இப்போது இருக்கும் ஒரே சாட்சி
தத்தாராமின் பேன்ட்டில், இடது முழங்காலுக்குக் கீழே,
துவைத்தும் போகாத ஒரு கறை.
அளந்தேன். கறையை இல்லை, கோடுகளை.

இருபத்தொன்று நாற்பத்தாறு என்று எழுதினேன்.
ஆதாரம் என்ற கட்டத்தில்:
திரும்பிய நீரின் நிறம். பார்த்தவர், தத்தாராம் கவ்ளி.
பெயரின் எழுத்தை அவனிடமே கேட்டு எழுதினேன்.
எட்டிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை,
டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போனான்.

போன் மறுபடி அடிக்கிறது. அடிக்கட்டும்.
பத்தாம் பெட்டி.
தூக்க இரண்டு ஆள் வேண்டும்.
மூடியின் ஆணி துருவேறி இருக்கிறது.